கொடியில் இல்லாதவள்

'இலக்கியமும் திரைப்படமும்' தாளுக்காக இந்த ஆண்டும் அகிரா குரோசவாவின் 'ஏழு சாமுராய்கள்' படத்தை மூன்றாமாண்டு மாணவிகளுக்குத் திரையிட்டேன். 207 நிமிடப் படம். இரண்டு பிற்பகல்களாகப் பிரித்துப் பார்த்தோம். முடிந்ததும் வழக்கம்போலக் கரும்பலகையில் ஏழு பெயர்களை எழுதினேன்: கம்பெய், கொரொபெய், ஷிச்சிரோஜி, ஹெய்ஹாச்சி, கியூஸோ, கத்சுஷிரோ, கிகுச்சியோ. ஏழு பேரும் ஏழு விதம், ஒரு கூட்டத்தைத் தனித்தனி மனிதர்களாக்குவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்:

"மேம், நெருப்புக்குள்ள திரும்பிப் போனாங்களே, அந்த அக்கா பேரு என்ன?"

"ரிகிச்சியோட மனைவி."

"அது தெரியுது மேம். பேரு?"

பெயர் இல்லை. நடிகர் பட்டியலிலும் அந்தப் பாத்திரம் 'ரிகிச்சியின் மனைவி'தான். நடித்தவர் யுகிகோ ஷிமாஸாகி. எத்தனையோ முறை பார்த்த படம். குதிரைகள் எத்தனை, துப்பாக்கிகள் எத்தனை என்றெல்லாம் எனக்குத் தெரியும். அவளுக்குப் பெயர் இல்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. அந்த மாணவிக்கு அன்று தர முடியாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கதை எளியது. ஆண்டு 1586. ஜப்பானில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உள்நாட்டுப் போர். ஒரு மலைக் கிராமத்தின் விளைச்சலைக் கொள்ளையர்கள் ஏற்கெனவே ஒருமுறை வாரிச் சென்றிருக்கிறார்கள். பார்லி முற்றியதும் மறுபடி வருவார்கள் என்பது தெரிந்துவிடுகிறது. விவசாயிகள் நகரத்துக்குப் போய்த் தலைவனை இழந்து வேலையின்றித் திரியும் சாமுராய்களைத் தேடுகிறார்கள். கூலி, மூன்று வேளை அரிசிச் சோறு. அந்தச் சோற்றைக் கொடுப்பவர்களோ சிறுதானியம் தின்கிறார்கள். ஏழு பேர் வருகிறார்கள், போரிடுகிறார்கள், நால்வர் சாகிறார்கள், ஊர் பிழைக்கிறது.

1954 ஏப்ரலில் வெளியான ஒரு ஜப்பானியப் படத்திடம் போய்ப் பன்மை எங்கே, பிரதிநிதித்துவம் எங்கே என்று கேட்பது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். எல்லோரும் ஜப்பானியர்கள், ஒரே மொழி, ஒரே நிறம். இதில் யாரை யார் பிரதிநிதித்துவம் செய்வது? இப்படிக் கேட்பவர்கள் வேறுபாடு என்றால் தோலின் நிறம் என்று மட்டும் நினைக்கிறார்கள். நமக்கு அந்தப் பிழை வராது. ஒரே நிறமும் ஒரே மொழியும் பேசும் ஊருக்குள் எத்தனை தெருக்கள், எத்தனை கிணறுகள் என்று நமக்குத் தெரியும்.

குரோசவாவுக்கும் தெரிந்திருந்தது. படத்தின் உண்மையான மோதல் கொள்ளையருக்கும் ஊருக்கும் இடையில் மட்டும் நடப்பதில்லை. காப்பாற்ற வந்த சாமுராய்க்கும் காப்பாற்றப்படும் விவசாயிக்கும் இடையிலும் நடக்கிறது. ஏழு பேரும் ஊருக்குள் நுழையும்போது ஒரு குஞ்சுகூட வெளியே வருவதில்லை. வீடுகள் அடைத்துக் கிடக்கின்றன. அஞ்சுவது கொள்ளையருக்கு அல்ல, வந்திருக்கும் இவர்களுக்கு.

கதை நடக்கும் காலத்தையும் பாருங்கள். 1588இல் டொயோடோமி ஹிதேயோஷி 'வாள் வேட்டை' ஆணையைப் பிறப்பித்து விவசாயிகளிடமிருந்த ஆயுதங்களைப் பறித்தார். 1591இல் இன்னொரு ஆணை, விவசாயி விவசாயியாகவும் வீரன் வீரனாகவும் அவரவர் இடத்திலேயே நிற்க வழி செய்தது. இவற்றைச் செய்த ஹிதேயோஷியே எளிய குடியில் பிறந்து மேலே வந்தவர். ஏறி வந்த ஏணியை எடுத்துவிட்டார். கதவு சாத்தப்படுவதற்குச் சற்று முன்னால் நிற்கிறது இந்தக் கதை.

படம் காணாத வேறுபாடுகளும் உண்டு. ஜப்பானில் தோல் வேலை, இறந்த விலங்குகளை அகற்றும் வேலை போன்றவை சுமத்தப்பட்டு, தீட்டுப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். சட்டப்படி அந்த ஒதுக்கல் நீக்கப்பட்டது 1871இல்தான். சாமுராயின் கவசத்தில் தோல் இருக்கிறது. அந்தத் தோலைப் பதப்படுத்தியவர் இந்த ஊரில் எங்கும் இல்லை.

இனி கொடிக்கு வருவோம். ஹெய்ஹாச்சி ஓய்வு நேரத்தில் ஒரு கொடி எழுதுகிறான். ஆறு வட்டங்கள், ஆறு சாமுராய்கள். ஒரு முக்கோணம், அது கிகுச்சியோ. கீழே வயலைக் குறிக்கும் 'த' என்ற எழுத்து, அது ஊர். கிகுச்சியோவுக்கு ஏன் வட்டம் இல்லை? அவன் சாமுராய் இல்லை. யாருடைய வம்சாவளிச் சுருளையோ கொண்டுவந்து, அதிலிருக்கும் பெயர் தன்னுடையது என்கிறான். அந்தச் சுருளின்படி கிகுச்சியோவுக்கு வயது 13. கண் முன்னால் நிற்பதோ தாடி மீசையோடு தோஷிரோ மிஃபுனே. எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரித்த பிறகு அந்தப் பெயரையே அவனுக்கு வைத்துவிடுகிறார்கள். அவனுடைய சொந்தப் பெயர் நமக்குக் கடைசிவரை தெரியாது.

இந்தப் பெயரற்றவனுக்குத்தான் படத்தின் மிக முக்கியமான பேச்சு கிடைக்கிறது. ஊருக்குள் ஒளித்து வைத்திருந்த கவசங்களையும் ஆயுதங்களையும் அவன் கண்டுபிடித்து அள்ளி வருகிறான். தோற்று ஓடிய சாமுராய்களைக் கொன்று விவசாயிகள் எடுத்தவை அவை. மற்ற சாமுராய்களின் முகம் இறுகுகிறது. அப்போது கிகுச்சியோ வெடிக்கிறான். விவசாயி கஞ்சன், பொய்யன், கோழை, கொலைகாரன் என்று அடுக்கிக்கொண்டே போய், அவனை அப்படி ஆக்கியது யார் என்று கேட்கிறான். நீங்கள்தான். ஊரை எரித்தவர்கள், விளைச்சலைப் பறித்தவர்கள், உழைப்பை உறிஞ்சியவர்கள், பெண்களைத் தூக்கியவர்கள் நீங்கள்தான் என்கிறான். நீ விவசாயி மகன்தானே என்று கம்பெய் கேட்கும்போது அந்த மூத்த சாமுராயின் கண்கள் கலங்கியிருக்கின்றன.

ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கியவனின் முகத்துக்கு நேரே பேசும் இத்தகைய காட்சிகள் உலக சினிமாவிலேயே குறைவு. பிரதிநிதித்துவம் என்றால் இதுதான். தலை எண்ணுவது அல்ல, தனக்கு நேர்ந்ததைத் தன் வாயால் சொல்லும் இடம். ஆனால் அந்தப் பேச்சிலும் பெண்கள் எங்கே வருகிறார்கள் என்று கவனியுங்கள். பறிபோனவற்றின் பட்டியலில் வருகிறார்கள். வீடு, தானியம், உழைப்பு, பெண்.

ஊர்ப் பெண்களில் பெயரோடு நம் முன் வருபவள் ஷினோ. கெய்கோ சுஷிமா நடித்திருக்கிறார். சாமுராய்கள் வரப்போகிறார்கள் என்றதும் அவளுடைய அப்பா மான்ஸோ அவள் நீண்ட கூந்தலைப் பிடித்து அறுத்துவிடுகிறான். ஆண்பிள்ளை வேடம் போடவைக்கிறான். அவள் அழுதுகொண்டு ஓடுகிறாள். அதைப் பார்த்து ஊரே தன் மகள்களை நினைத்துக் கலங்குகிறது. அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கிகுச்சியோவின் பேச்சே அதற்குச் சாட்சி. ஆனாலும் இந்த மூன்றரை மணி நேரத்தில் ஷினோவின் உடம்பின் மீது விழும் வன்முறை யாருடையது? கூந்தலை அறுப்பவன் அப்பன். இறுதிப் போருக்கு முந்தைய இரவு அவள் தானே விரும்பி இளைய சாமுராய் கத்சுஷிரோவோடு சேர்கிறாள். அது தெரிந்ததும் ஊரார் முன்னால் அவளை அடித்துத் தள்ளுபவனும் அதே அப்பன். கொள்ளையனும் சாமுராயும் தொடாமல் காக்கப்பட்ட மகளை, காத்தவனே அடிக்கிறான். பாதுகாப்பு என்ற சொல்லை நம் வீடுகளில் கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

அப்போது மான்ஸோவைத் தடுத்துப் பேசுபவன் ரிகிச்சி. விரும்பித்தானே சேர்ந்தாள், கொள்ளையருக்குக் கொடுத்ததைவிட இது மேல் அல்லவா என்கிறான். அந்த ஒரு வாக்கியத்தில் அவனுடைய மனைவியின் கதை மொத்தமும் இருக்கிறது. அவளைக் கொள்ளையர் பிடித்துக்கொண்டு போனார்களா, ஊர்தான் கொடுத்து அனுப்பியதா என்று படம் விளக்கிச் சொல்வதில்லை. மனைவியைப் பற்றி முன்பு ஹெய்ஹாச்சி விளையாட்டாகக் கேட்டபோது ரிகிச்சி முகம் கறுத்து எழுந்து போகிறான். ஊர் முழுவதற்கும் தெரிந்த, ஊரில் யாரும் பேசாத விஷயம் அது.

அவள் படத்தில் வருவது சில நிமிடங்கள்தான். கியூஸோ, கிகுச்சியோ, ஹெய்ஹாச்சி மூவரும் ரிகிச்சியை வழிகாட்டியாகக் கொண்டு கொள்ளையரின் இருப்பிடத்துக்குப் போகிறார்கள். விடியும் நேரம். தீ வைக்கிறார்கள். உள்ளே உறங்குபவர்கள் நடுவே ஒரு பெண் விழித்துக்கொள்கிறாள். புகையைக் காண்கிறாள். திடுக்கிட்டுக் கத்த வாயெடுக்கிறாள். கத்தவில்லை. அடங்கிவிடுகிறாள். அவள் முகத்தில் மெல்ல ஏதோ பரவுகிறது, புன்னகை என்றே சொல்லலாம்.

இந்த இடத்தை நான் நெடுங்காலம் விரக்தி என்று வாசித்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவள் ஒரு குரல் கொடுத்திருந்தால் கொள்ளையர் விழித்திருப்பார்கள். வெளியே வாளோடு காத்திருந்தவர்களின் கதி வேறாகியிருக்கும். அவள் கொடுக்கவில்லை. வெளியே இருப்பது யார் என்றே தெரியாமல், தன் உயிரும் போகும் என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டாள். இது வெறும் மௌனம் அல்ல, போர்ச் செயல். அன்றைய தாக்குதலில் ஐந்தாவதாக ஒருவரும் பங்கெடுத்தார். அவர் உள்ளே இருந்தார்.

பிறகு எல்லோரும் வெளியே ஓடி வந்து வெட்டுப்பட்ட பின், அவள் வருகிறாள். எதிரே ரிகிச்சி. இருவரும் ஒரு கணம் பார்க்கிறார்கள். அவள் திரும்பி நெருப்புக்குள் ஓடுகிறாள். பின்னால் பாய்பவனை ஹெய்ஹாச்சி இழுத்துப் பிடிக்கிறான். யார் அவள் என்று கேட்கிறான். என் மனைவி என்கிறான் ரிகிச்சி. துப்பாக்கி வெடிக்கிறது. ஹெய்ஹாச்சி சாய்கிறான். அந்த நொடியிலிருந்து படம் ஹெய்ஹாச்சியைப் பற்றியதாகிவிடுகிறது. அவனை ஊருக்குத் தூக்கி வருகிறார்கள். மேட்டில் புதைத்து வாளை நடுகிறார்கள். எல்லோரும் அழுகிறார்கள். கிகுச்சியோ ஓடிப்போய் அந்தக் கொடியை எடுத்துக் கூரை மேல் நட்டுவைக்கிறான். ஆறு வட்டம், ஒரு முக்கோணம், ஓர் எழுத்து.

அதே விடியலில், அதே இடத்தில் இறந்தவள் அவளும்தான். அவளுக்காக ஊர் கூடி அழும் காட்சி ஒன்றும் இல்லை.

வீரனுக்கு நடுகல் எடுத்து அதில் பெயரைப் பொறிப்பது நாம் வகுப்பில் நடத்தும் மரபு. அதனால்தானோ என்னவோ, வாள் நட்ட மேட்டைப் பார்க்கும்போது எனக்கு இன்னொரு கல்லின் நினைவு வருகிறது. அதுவும் ஜப்பானில்தான் இருக்கிறது. கிஃபு மாகாணத்தின் குரோகவா என்ற ஊரிலிருந்து விவசாயக் குடும்பங்கள் ஜப்பான் ஆக்கிரமித்திருந்த மஞ்சூரியாவில் குடியேற்றப்பட்டன. சீன விவசாயிகளிடமிருந்து எடுத்த நிலத்தில் இவர்கள் விதைத்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்றதும் நிலமிழந்தவர்கள் திரும்பி வந்து தாக்கத் தொடங்கினார்கள். குடியேறிகள் சோவியத் படையிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அதற்கு விலையாக, தங்களிடையே இருந்த மணமாகாத இளம்பெண்கள் சுமார் 15 பேரைப் படையினரிடம் அனுப்பினார்கள். முடிவெடுத்தவர்கள் ஆண்கள். சில பெண்கள் அங்கேயே நோயில் இறந்தார்கள். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்கள் கொடுத்த விலையால் உயிர் பிழைத்த ஊரே அவர்களைக் கெட்டுப்போனவர்கள் என்றது.

1982இல் அவர்களுக்காக ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். 'கன்னியர் கல்' என்று பெயர். யார் அந்தக் கன்னியர், என்ன நடந்தது என்று அதில் ஒரு சொல் இல்லை. பிழைத்திருந்த பெண்கள் 2013இல் பொதுவெளியில் பேசினார்கள். 2018இல்தான் கல்லருகே நடந்ததை எழுதிய பலகை வந்தது. எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. ஜப்பானியப் படை 'ஆறுதல் பெண்கள்' என்ற பெயரில் அடிமைப்படுத்திய கொரியப் பெண்களில் ஒருவரான கிம் ஹாக்-சுன், 1991இல் தன் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் முன்வந்து பேசியதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

குரோசவா குரோகவாவை மனத்தில் வைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. படம் வந்தபோது போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை என்பதையே சொல்கிறேன். ஆயுதம் ஏந்தியவனிடம் ஊர் தன் பெண்ணைக் கொடுத்துப் பிழைத்த கதை, அந்த நாட்டில் 1586இன் கதை மட்டுமாக இருக்கவில்லை. ரிகிச்சியின் முகம் கறுக்கும் அந்தக் காட்சியில், ஊர் முழுக்கத் தெரிந்தும் யாரும் பேசாத அந்த மௌனத்தில், குரோசவா ஓர் உண்மையைத் தொட்டுவிட்டார். தொட்டவர் மேலே போகவில்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஒன்று, 16ஆம் நூற்றாண்டுப் பெண் பேசியிருக்க மாட்டாள், படம் யதார்த்தமானது என்பது. 16ஆம் நூற்றாண்டு விவசாயி சாமுராய்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பானா? ஆறு கண்ணியமான சாமுராய்கள் மட்டும் போதவில்லை என்று உணர்ந்து, திரைக்கதை எழுதும்போது உருவாக்கப்பட்டவன் கிகுச்சியோ. தேவை என்று தோன்றினால் எழுதுபவர் ஓர் ஆளைப் படைத்துக்கொள்கிறார். தோன்ற வேண்டும், அவ்வளவுதான். குரோசவாவுக்கு அது தெரியாததும் அல்ல. 1946இல் அவர் எடுத்த 'எம் இளமைக்காக வருந்தவில்லை' படத்தில், தேசத்துரோகி என்று பழி சுமந்து இறந்த கணவனின் ஊருக்குப் போய், ஊரின் வெறுப்பை மீறி மாமியாரோடு சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணாக செட்சுகோ ஹாரா வருவார். அந்தப் படமே அவளுடையது. ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்த ஆண்டு அது. எட்டு ஆண்டுகளில் அதே சேறு, அதே நாற்று. பெண் ஓரத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது, அந்த மௌனம்தான் கவிதை, பேசவைத்தால் கெட்டுவிடும் என்பது. கவிதை எழுதுபவளாக இதற்குப் பாதி உடன்படுகிறேன். நெருப்பின் முன் அவள் வசனம் பேசியிருந்தால் நானும் நெளிந்திருப்பேன். ஆனால் பேசாதவளை நினைவில் வைத்துக்கொள்ளும் கடமை உயிரோடு இருப்பவர்களுக்கு உண்டல்லவா? அவளை ஒருவர் பெயர் சொல்லி அழைத்திருக்கலாம். குறைந்தபட்சம் ரிகிச்சி.

சரி, பெண்ணையும் பல நிறத்தவரையும் சேர்த்துவிட்டால் தீர்ந்துவிடுமா? இதே கதையை ஹாலிவுட் இருமுறை எடுத்தது. 1960இல் வந்த 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' ஊரை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனது. காப்பாற்றுபவர்கள் எல்லைக்கு வடக்கிலிருந்து வருகிறார்கள். அதே பெயரில் 2016இல் வந்த படத்தில் டென்சல் வாஷிங்டன் தலைவர். கொரிய நடிகர், மெக்சிகோ நடிகர், பழங்குடி நடிகர் என்று அணி பல முகங்களோடு இருக்கிறது. ஆட்களைத் திரட்டுபவள் ஒரு பெண். வில்லனை இறுதியில் சுடுபவளும் அவளே. மாணவிகள் கைதட்டுவார்கள், நானும் தட்டினேன். ஆனால் அந்த ஏழு பேருக்கும் ஊருக்கும் இடையில் பழைய கணக்கு ஏதும் இல்லை. காக்க வந்தவர்களைப் பார்த்து யாரும் மகளின் கூந்தலை அறுப்பதில்லை. எங்களை இப்படி ஆக்கியது நீங்கள்தானே என்று கேட்கும் கிகுச்சியோ அங்கே இல்லை. கொடியில் வட்டங்களுக்கு விதவிதமாக வண்ணம் அடித்தாயிற்று. கொடியை எழுதுவது யார் என்ற கேள்வி காணாமல் போயிற்று. எனக்கு ஒரு பெண் சாமுராய் வேண்டியதில்லை. அந்த நெருப்பருகே நின்றவளின் கணக்கு வேண்டும்.

கடைசிக் காட்சி நடவு. போர் முடிந்துவிட்டது. ஆண்கள் மேளம் தட்டிப் பாட, பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள். ரிகிச்சி பாடுகிறான். ஷினோ கத்சுஷிரோவைக் கடந்து வருகிறாள், ஒரு கணம் தயங்குகிறாள், பிறகு வயலில் இறங்கிக் குரலெடுத்துப் பாடியபடி நடுகிறாள். நான்கு மேடுகளைப் பார்த்தபடி கம்பெய், மறுபடியும் தோற்றது நாம்தான், வென்றவர்கள் விவசாயிகள் என்கிறார். புகழ்பெற்ற முடிவு. இதை ஒரு பெரிய மனிதரின் பணிவு என்றுதான் வகுப்பில் சொல்லி வந்தேன்.

இம்முறை, அம்மா நடவுக்குப் போகும் ஒரு மாணவி சொன்னாள்: "குனிஞ்சு நடுறவங்கள யாரும் கேக்கலையே மேம். மேட்டுல நின்னு அவரா சொல்லிக்கிறாரு."

வென்றார்களா என்று ஷினோவைக் கேட்டிருக்க வேண்டும். அறுத்த கூந்தல் இன்னும் வளர்ந்திருக்காது. காதலித்தவனைத் தாண்டி நடந்து வந்தது வெற்றியா, தோல்வியா, அல்லது இரண்டும் இல்லாமல் பருவம் தவறினால் நாற்று வீணாகிவிடும் என்ற அவசரம் மட்டும்தானா? அவள் பாடுகிறாள் என்பதால் மகிழ்ச்சி என்று கம்பெய் எடுத்துக்கொள்கிறார். நடவு வயலில் பாட்டு இடுப்பு வலிக்கும்தான்.

இதையெல்லாம் எழுதிய பிறகும் இந்தப் படம் எனக்குப் பிடித்த படம்தான். அடுத்த ஆண்டும் திரையிடுவேன். கிகுச்சியோவின் பேச்சு வரும்போது எனக்கு மறுபடி உடம்பு சிலிர்க்கும். படம் முடிந்ததும் கரும்பலகையில் ஏழு பெயர்களை எழுதுவேன், எட்டாவதாக ஒரு வெறுங்கோடு இழுப்பேன். அது யாருக்கு என்று மாணவிகள் கேட்கும்வரை காத்திருப்பேன்.